பத்துக்கு ஏழு: யார் போட்ட மதிப்பெண்?

வெள்ளிக்கிழமை காலை ஒரு படம் வெளியாகிறது. மாலைக்குள் அதன் தலையில் நான்கைந்து எண்கள் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. ஓரிடத்தில் பத்துக்கு 8.9. இன்னோரிடத்தில் 64 சதவீதம். வேறோரிடத்தில் ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். வேலூர் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவரைக் கேட்டால், "இடைவேளை வரைக்கும் பரவாயில்லை" என்கிறார். எல்லாம் ஒரே படத்தைப் பற்றித்தான். இவர்களில் யாரும் பொய் சொன்னதாகவும் தெரியவில்லை. பிறகு எதை நம்பி டிக்கெட் எடுப்பது?

படமோ, புத்தகமோ, சீரியலோ, சாதாரண மக்கள் போடும் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட சராசரிக் கணக்கு நினைவிருந்தால் போதும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதிப்பெண் என்பது படத்தைப் பற்றிச் சொல்வதைவிட, அதைப் போட்ட கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. கூட்டம் எது என்று தெரிந்தால் அந்த எண்ணால் பயன் உண்டு. தெரியாவிட்டால் அது போஸ்டரில் ஒட்டத்தான் உதவும்.

நட்சத்திரம் போடும் வழக்கமெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வட ஆற்காட்டில் இதற்கு ஒரு முறை இருந்தது. செய்யாறு பக்கத்துப் புரிசை என்ற கூத்துக் கிராமத்தின் பெயரைக் கூத்து அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் ஒரு கட்டம் நன்றாக அமைந்துவிட்டால், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் நடிகரின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவார், அல்லது கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கையில் கொடுப்பார். கட்டியங்காரன் ஆட்டத்தைச் சற்று நிறுத்தி, இந்த ஊர் இன்னார், துரியோதனன் வேஷத்தைப் பாராட்டி இவ்வளவு ரூபாய் அன்பளிப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார். அன்றைய மதிப்பெண் அதுதான்.

அந்த அறிவிப்பில் யாருடைய பெயர் வரவில்லை என்று பாருங்கள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த விருத்தத்தை நடிகருக்கு முன்பே முணுமுணுக்கும் கிழவிக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஆயிரம் அபிப்பிராயம் இருக்கும். முந்தானையில் முடிந்திருக்கும் காசு அதற்கானது அல்ல. அதற்கென்று காசு இருந்தாலும் கூட்டத்துக்கு நடுவே எழுந்து போகிறவள் அல்ல. பிடிக்காதவர் எப்போதோ வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். பாதியில் தூங்கிப்போன பையனும் கணக்கில் இல்லை. ஆட்டம் பிடித்து, கையில் பணமும் இருந்து, தன் பெயர் நாலு பேர் காதில் விழ வேண்டும் என்ற ஆசையும் உள்ளவரின் கருத்து மட்டுமே சபையேறியது. விடியற்காலையில் அந்த அன்பளிப்புகளை எல்லாம் கூட்டிப் பார்த்து "ஊருக்கே பிடித்திருந்தது" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்களோ, அதே பதிலை இன்றைய நட்சத்திரங்களுக்கும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் போட யாரும் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் படம் பார்த்த பெரும்பாலானவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். மெனக்கெட்டுக் கருத்துச் சொல்ல வருகிறவர் ஒன்று உருகிப்போனவராக இருப்பார், அல்லது கொதித்துப்போனவராக இருப்பார். இணையத்தில் விற்கும் பொருள்களுக்கு வாடிக்கையாளர் போடும் மதிப்பெண்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்: ஐந்து நட்சத்திரத்தில் பெரிய மேடு, ஒரு நட்சத்திரத்தில் சின்ன மேடு, நடுவில் பள்ளம். "பரவாயில்லை" என்று நினைத்தவர்கள்தான் அந்தப் பள்ளம். டீக்கடையில் நீங்கள் சந்தித்தவர் அவர்களில் ஒருவர். அவர் எங்கேயும் நட்சத்திரம் போடப்போவதில்லை.

மேலாக எடுத்த கரண்டி

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். கொஞ்சத்தை எடுத்துப் பார்த்து முழுவதையும் அறியும் கலைக்குப் புள்ளியியலில் மாதிரி எடுப்பது என்று பெயர். அந்தக் கலை முழுவதும் இந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. அதற்கான நிபந்தனை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒன்றுபோல வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். ஆம்பூரில் தம் பிரியாணி தேக்சாவைத் திறந்ததும் மேலாக ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு "கறியே இல்லையே" என்று ஒருவர் குறைப்பட்டால் சமையல்காரர் சிரிப்பார். கறி அடியில் கிடக்கிறது. மேலேயே பத்துக் கரண்டி எடுத்தாலும் அது வராது. இங்கே தவறு கரண்டியின் அளவில் இல்லை, எடுத்த இடத்தில் இருக்கிறது. ஐம்பதாயிரம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு படத்துக்கு விளம்பரம் வரும்போது நினைவில் வைக்க வேண்டியது இது. ஐம்பதாயிரமும் தேக்சாவின் மேலிருந்தே வந்திருக்கலாம்.

வேலூர் இதைப் பார்க்க வசதியான ஊர். காட்பாடிப் பக்கம் விஐடியில் பல மாநிலத்து மாணவர்கள் படிக்கிறார்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஒரு தெலுங்குப் படம் வந்த வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பக்கத்துத் தியேட்டர் வாசலில் நின்றால், படம் எப்படி இருந்தாலும் விசில் சத்தத்தோடுதான் கூட்டம் வெளியே வரும். ஹாஸ்டலிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, தங்கள் மொழியில், தங்கள் ஊர் நாயகனைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே படத்தின் தமிழ் வடிவத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் குடியாத்தத்தில் குழந்தை குட்டியோடு பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கேளுங்கள். பாட்டு நீளம், சண்டை அதிகம், பையன் பயந்து அழுதுவிட்டான் என்பார்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு நோயாளியைக் கூட்டி வந்து, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர் மாலையில் செல்போனில் பார்க்கும் தொடர் எதுவென்று இந்த இரண்டு கூட்டத்துக்கும் தெரியாது. வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டின் விருப்பம் வேறு. "வேலூர் மக்களுக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது" என்று எவராவது எழுதினால், எந்த வாசலில் நின்று கேட்டார் என்பதே என் முதல் கேள்வி.

நேரமும் ஒரு வாசல்தான். முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவர், படம் பிடித்துப்போய்விட்டது என்ற முடிவோடுதான் வருகிறார். பாலாபிஷேகம் முடித்துவிட்டு உள்ளே போனவர் வெளியே வந்து "சுமார்" என்று சொல்வது தன்னையே விட்டுக்கொடுப்பது போலாகிவிடும். அவருக்குப் போட்டி நடிகரின் ரசிகரோ திட்டுவதற்காகவே அதே காட்சிக்கு வந்திருக்கலாம். இந்த இருவருக்கும் நடுவில் மைக்கை நீட்டி எடுப்பதற்குத்தான் 'பப்ளிக் ரிவ்யூ' என்று பெயர். நிதானமாகப் பேசியவரின் பேச்சு எடிட்டிங்கில் வெட்டுப்பட்டுப் போய்விடும்; கை தட்டிக் குதித்தவரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டவரும் தங்குவார்கள். 2024 நவம்பரில் தமிழ்ப் படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் இப்படிப் படம் பிடிக்க விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்களுடைய வருத்தம் புரிகிறது. ஆனால் முதல் காட்சி ஆரவாரத்தைத் தங்கள் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டபோது இந்த வருத்தம் எங்கே போயிருந்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது.

சராசரி மறைப்பது

கூட்டம் சரியாகவே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் கணக்கில் இருக்கிறது.

இரண்டு படங்கள். ஒவ்வொன்றையும் நூறு பேர் பார்த்து ஐந்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். முதல் படத்துக்கு நூறு பேரும் ஒன்றுபோல 3.5 போடுகிறார்கள், சராசரி 3.5. இரண்டாவது படத்துக்கு 70 பேர் முழுதாக 5 போடுகிறார்கள், 30 பேர் கோபத்தோடு 2 போடுகிறார்கள். கூட்டினால் 410, சராசரி 4.1. சராசரியைப் பார்த்தால் இரண்டாவது படம்தான் மேல்.

இப்போது அதே வாக்குகளை வேறு விதமாக எண்ணுவோம். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் என்ற தளம் சராசரியை முன்னே வைப்பதில்லை. எத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்திருந்தது என்று சொல்கிறது. பார்வையாளர்களைப் பொறுத்தவரை 3.5 நட்சத்திரமோ அதற்கு மேலோ போட்டவர் 'பிடித்தது' கணக்கில் சேர்வார். இந்த முறையில் நம்முடைய முதல் படத்துக்கு 100 சதவீதம். இரண்டாவது படத்துக்கு 70. தலைகீழாகிவிட்டது. ஒரு வாக்கும் மாறவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது. "எவ்வளவு பிடித்தது?" என்பது ஒன்று, "எத்தனை பேருக்குப் பிடித்தது?" என்பது இன்னொன்று. 100 சதவீதம் என்றதும் மகத்தான படம் என்று நினைப்பவர் நிறையப் பேர். யாரையும் முகம் சுளிக்க வைக்காத படம் என்பதுதான் அதற்கு நேரான பொருள். வீட்டில் எட்டு வயதிலிருந்து எண்பது வயது வரை எல்லோரோடும் சேர்ந்து பார்க்க நான் முதல் படத்தைத் தேர்ந்தெடுப்பேன். தனியாகப் போவதானால் எனக்கு இரண்டாவதுதான். முப்பது பேரைக் கோபப்படுத்திய படத்தில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது சின்னக் கூட்டத்தின் சராசரி. ஒரு புது நாவலுக்கு ஆறு பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், ஆறும் ஐந்து நட்சத்திரம். இன்னொரு நாவலுக்கு 400 பேர், சராசரி 4.2. பட்டியலை மதிப்பெண் வரிசையில் போட்டால் முதல் நாவல் உச்சியில் நிற்கும். அந்த ஆறு பேரில் நான்கு பேர் எழுத்தாளரின் மைத்துனர், சித்தப்பா, அலுவலகத் தோழர்கள் என்று சந்தேகிக்க யாருக்கும் துப்பறியும் திறமை தேவையில்லை.

இதற்கு அழகான ஒரு மருந்து உண்டு. ஒவ்வொரு புத்தகமும் ஒரு சாதாரணப் புத்தகமாகத்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு, அதன் கணக்கில் முன்கூட்டியே சில பொய் வாக்குகளைப் போட்டுவிட வேண்டும். அந்த இடத்தில் உள்ள எல்லாப் புத்தகங்களுக்கும் பொதுச் சராசரி 3.8 என்றால், ஒவ்வொன்றுக்கும் 3.8 மதிப்புள்ள 50 வாக்குகள். முதல் நாவல்: ஆறு பேர் போட்ட 30, முன்பணமாகப் போட்ட 190, மொத்தம் 220; அதை 56ஆல் வகுத்தால் 3.93. இரண்டாவது நாவல்: 1,680, அதோடு 190, மொத்தம் 1,870, அதை 450ஆல் வகுத்தால் 4.16. வரிசை சரியாகிவிட்டது. ஆறு பேர் சொல்வதை மறுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் பேர் சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறது. உண்மையிலேயே நல்ல நாவலானால் நூறாவது வாசகர் வருவதற்குள் அது தானாக மேலே ஏறிவிடும். ஐஎம்டிபி என்ற சினிமாத் தளம் தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்கு நெடுங்காலம் இந்த வகைக் கணக்கைத்தான் வெளிப்படையாகப் போட்டு வைத்திருந்தது. இன்றும் அது காட்டுவது வெறும் சராசரி அல்ல, எடை போட்டுச் சரிசெய்த எண். எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதை முழுதாக வெளியிடுவதில்லை. வெளியிட்டால் மறுநாளே அதை வளைக்க ஆள் கிளம்பிவிடும்.

அளவுகோல் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரத்துக்குத் தளமே தரும் விளக்கம் 'பரவாயில்லை', மூன்றுக்கு 'பிடித்தது'. ஆனால் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவருக்கு மூன்று நட்சத்திரம் போட்டால் அது தண்டனை. ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்ட காலத்தில் 45 என்பது கௌரவமான எண், ஐம்பதைத் தொட்டால் கொண்டாட்டம். 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த நமக்கு அது உறுத்தவில்லை. அதே 45ஐ இன்று பத்துக்கு நாலரை என்று மாற்றிப் போட்டால் தயாரிப்பாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு

நட்சத்திரம் போடச் சொல்லாமலே மக்களின் விருப்பத்தை அளக்க முடியாதா? முடியும். வாய் சொல்வதை விட்டுவிட்டுக் கை செய்வதைப் பார்க்க வேண்டும்.

பொது நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய தேதிகள் ஊதா மையில் வரிசையாக விழுந்திருக்கும். சில நாவல்களில் ஒரு சீட்டு நிரம்பி அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மூன்றாவது என்று தடித்திருக்கும். பரிசு வாங்கிய கனமான புத்தகத்தில் சில சமயம் மூன்றே முத்திரை. தேதிகளுக்கு இடையிலான இடைவெளியையும் கவனிக்கலாம்: ஒருவர் திருப்பிக் கொடுத்த வாரமே அடுத்தவர் எடுத்திருந்தால், அந்தப் புத்தகத்துக்கு யாரோ காத்திருந்திருக்கிறார்கள். ஓரங்களில் பென்சில் குறிப்புகளும் உண்டு. "அருமை" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதன் கீழேயே "பொய்" என்று வேறு கையெழுத்து. கதாநாயகி கடைசியில் இறந்துவிடுகிறாள் என்பதை ஐந்தாம் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போகும் புண்ணியவானும் எல்லா ஊர் நூலகத்திலும் இருக்கிறார். முத்திரை, மக்கள் எதை எடுத்துப் போனார்கள் என்று சொல்கிறது. பென்சில், எதைப் பற்றிப் பேச நினைத்தார்கள் என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டு, கட்டைவிரல் மேலே அல்லது கீழே என்று மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள், இரவில் உட்கார்ந்து பார்த்தது மூன்று நட்சத்திரம் போட்ட லேசான சிரிப்புப் படத்தை.

தொலைக்காட்சியின் டிஆர்பி இந்த முத்திரை வகையைச் சேர்ந்தது. பலரும் நினைப்பதுபோல எல்லார் வீட்டு டிவியையும் யாரும் எண்ணுவதில்லை. இந்தியாவில் 2015 முதல் பார்க் என்ற அமைப்பு இதை அளக்கிறது. 2020 மதிப்பீட்டின்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. மீட்டர் வைத்த வீடுகள் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சுமார் 55,000. வகுத்துப் பாருங்கள்: ஒரு வீடு ஏறக்குறைய 3,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் நம் காதுக்கு எட்டாத ஓர் அடையாளக் குறி கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து, எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பொத்தான்; பார்க்க உட்காரும்போது அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். மீட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்பது ரகசியம். வெளியே தெரிந்தால் அந்த வீட்டுக்குக் காசு போகும். 2020இல் மும்பை போலீஸ் பதிவு செய்த வழக்கு இதைப் பற்றியதுதான். அதன் பிறகு செய்திச் சேனல்களின் மதிப்பீட்டை ஒன்றரை ஆண்டுக்கு நிறுத்தியே வைத்தார்கள்.

21 கோடிக்கு 55,000 போதுமா என்று சந்தேகம் வரும். வீடுகளைச் சரியாகப் பொறுக்கியிருந்தால் தாராளமாகப் போதும்; தேக்சாவின் எல்லா மட்டத்திலிருந்தும் எடுத்த கரண்டி அது. நாடு முழுவதற்கும், அல்லது தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு சீரியலின் நிலைமையைச் சொல்லிவிடும். காட்பாடித் தாலுகாவில் எந்தச் சீரியல் முதலிடம் என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. அங்கே எத்தனை மீட்டர் இருந்துவிடப் போகிறது?

டிஆர்பி சொல்லாத இன்னொன்று இருக்கிறது. சத்துவாச்சாரியில் ஒரு மாமியார் தினமும் இரவு எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, சீரியல் வில்லியை அவள் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "என்ன கதை இது, மூளை இருக்கிறவன் எழுதுவானா?" என்று மருமகளிடம் கேட்கிறார். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடியும் உட்காருகிறார். மீட்டருக்கு அவர் விசுவாசமான பார்வையாளர். சேனல்காரருக்கும் விளம்பரக்காரருக்கும் வேண்டியது அவருடைய கண், கருத்து அல்ல. ஆகவே டிஆர்பி உயர்ந்த சீரியலை 'மக்கள் விரும்பும் தொடர்' என்று அழைப்பது பாதி உண்மை. திட்டுவதற்கும் ஒன்று வேண்டியிருக்கிறது.

வசூலையும் இங்கேயே பார்த்துவிடலாம். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. அரசாங்க வரைபடத்திலிருந்து போன அந்தப் பெயர் சினிமா வியாபாரத்திலிருந்து மட்டும் போகவில்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து இன்றும் என்எஸ்சி ஏரியா என்றுதான் விநியோகஸ்தர்கள் பேசுகிறார்கள். "என்எஸ்சியில் முதல் நாள் இவ்வளவு" என்று ஒரு தொகை வந்தால் அதை மக்கள் கருத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் என்பது பார்ப்பதற்கு முன் போடும் ஓட்டு. டிரெய்லர், நாயகன் பெயர், பண்டிகை விடுமுறை ஆகியவற்றுக்குக் கிடைத்தது அது. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது திங்கட்கிழமைதான் தெரியும். அதனால்தான் விவரமான விநியோகஸ்தர் ஞாயிறு வசூலுக்குச் சிரிக்காமல், "திங்கள் தாங்குமா?" என்று கேட்கிறார்.

எண் எண்ணைப் பெருக்கும்

மற்றவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு நாம் போடும் மதிப்பெண் நம்முடையதுதானா? 2006இல் அமெரிக்காவில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்க வந்தவர்கள் பதினாலாயிரத்துக்கு மேல். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த கூட்டங்களில் பிரபலமான பாட்டு மேலும் பிரபலமாயிற்று, கேட்பாரற்றது மேலும் ஒதுங்கிற்று. ஆனால் எந்தப் பாட்டு உச்சிக்குப் போனது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. மிக நல்ல பாட்டுகள் அனேகமாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை அனேகமாக ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. நம்முடைய வாராந்தரப் படங்களில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருக்கின்றன. முதல் நூறு பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ அதுவே விதியாகிவிடுகிறது. காசு கொடுத்து முதல் நூறு பேரைப் பிடிக்கிறவர்கள் எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கும்.

தொடர்கதைகளுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. ஐந்து பாகச் சரித்திர நாவலின் ஐந்தாம் பாகத்துக்கு முதல் பாகத்தைவிட மதிப்பெண் கூடியிருப்பதைப் பார்க்கலாம். எழுத்தாளர் போகப் போக மெருகேறினார் என்று நினைக்கத் தோன்றும். இருக்கலாம். ஆனால் முதல் பாகம் பிடிக்காதவர் அங்கேயே மூடி வைத்துவிட்டார். கடைசி வரை வந்தவர்கள் ஏற்கெனவே பிடித்துப்போனவர்கள். ஐந்தாம் பாகத்தின் உயர்ந்த மதிப்பெண்ணைக் காட்டி யாராவது உங்களை இழுத்தால், முதல் பாகத்தின் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். நீங்கள் நிற்கப்போவது அந்த வரிசையில்தான். மூன்றாவது சீசன் வெளியாகியிருக்கும் வெப் சீரிஸுக்கும் இதே கதை.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் மதிப்பெண்ணை நான் தள்ளிவிடவில்லை. பத்திரிகை விமர்சகர் கவனிக்காமல் விட்ட எத்தனையோ படங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே ஐந்து, நான்கு, மூன்று என்று விரியும் பட்டைகளைப் பார்க்கிறேன். நடுவில் பள்ளமா, மேடா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். படிப்பதற்கு மூன்று நட்சத்திரக்காரர்களை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது சொதப்பியது என்று இரண்டையும் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பவர்கள்.

எல்லாவற்றையும்விட உதவுவது, ரசனை தெரிந்த ஓர் ஆள். அவர் ரசனை நம்மோடு ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை; மாறாமல் இருந்தால் போதும். எனக்குத் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் 'மெதுவாகப் போகிறது' என்று சலித்துக்கொண்ட படங்களை எல்லாம் நான் தேடிப் பிடித்துப் பார்க்கிறேன். அவர் 'விறுவிறுப்பு' என்றால் என் சகோதரி மகனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டும் இதுவரை ஏமாற்றியதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை உங்களுக்குப் படம் பரிந்துரைப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்: உங்களைப் போலவே முன்பு விரும்பியவர்களைத் தேடி, அவர்கள் அடுத்து எதை விரும்பினார்கள் என்று பார்ப்பது. இதைப் பத்து சதவீதம் மேம்படுத்துகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அந்த நிறுவனம் 2006இல் அறிவித்தது. அதை ஒரு குழு வெல்ல 2009 ஆயிற்று. அது கோடிக்கணக்கான மதிப்பெண்களை வைத்துச் செய்கிறது. எனக்கு ஒரு கடைக்காரர் போதும்.

நீங்கள் கருத்துச் சொல்லும்போதும் நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், யாரோடு பார்த்தீர்கள், என்ன எதிர்பார்த்துப் போனீர்கள், எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்தால், உங்களை அறியாதவருக்கும் அது உதவும். "குழந்தைகளோடு போனோம், இடைவேளைக்குப் பிறகு ரத்தம் அதிகம், சின்னவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள், எனக்குப் பிடித்திருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் மூன்று போட்டாரா நான்கு போட்டாரா என்று நான் பார்ப்பதே இல்லை.